பதினொன்று பத்துக்கு வந்த படம்

அத்தியாயம் 5

"நான் எந்திரிச்சா மண்ணைப் போட்டு மூடிருவாக. எந்திரிக்க மாட்டேன்."

ராமுத்தாய் இதைச் சொல்வது அன்று எட்டாவது தடவை. நாரணாபுரத்துக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்கு நடுவே, சுருண்டு கிடந்த தகரங்களுக்கும் கரிந்த மண்ணுக்கும் மத்தியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வரை அங்கே ஒரு கொட்டகை இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு உருட்டிய கொட்டகை. வெடித்ததில் இரண்டு பேர் செத்தார்கள். கொட்டகை யாருடையது என்று கேட்டால் ஊரே வானத்தைப் பார்த்தது.

இன்று செவ்வாய். பத்தடி தள்ளி ஒரு ஜேசிபி நின்றது. நாலு மணிக்கு இடத்தைச் சமப்படுத்திவிட வேண்டும் என்று டிரைவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த யாரோ யார் என்று கேட்டேன். அவனும் வானத்தைப் பார்த்தான்.

என் பெயர் பலவேசம். விருதுநகரில் ஒரு பருப்புக் கடை மாடியில் பைரோஜா அக்கா நடத்தும் துப்பறியும் நிலையத்தில் நான்தான் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர் எல்லாம். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னாடி காதல் உண்டா என்று விசாரிப்பதுதான் எங்கள் பிழைப்பு. வெடித்த கொட்டகையில் உட்கார்ந்து ஒரு தாய் அழுவதைப் பார்க்கிற வேலை எனக்கு ஒத்துவராது. கோணல் பேச்சு பேச வரும், ஆறுதல் சொல்ல வராது.

"எம் மக பஸ் ஏறிட்டான்னா ஏறிட்டான்னு சொல்லுங்க. இந்த மண்ணுக்குள்ள இருக்கான்னா இருக்கான்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்கம்மா. மூணு நாளாச்சு. நான் அழவா, காத்திருக்கவா, அதுகூடத் தெரியலையே எனக்கு" என்றாள் ராமுத்தாய்.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே மகள் ஓவியா, இருபது வயது, அம்மாவைப் போலவே சங்கரலிங்கம் முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்து அவளை ஏற்றிப் போனது. ஒன்பது மணிக்கு இந்தக் கொட்டகை வெடித்தது. பதினொன்று பத்துக்கு ஓவியாவின் போனிலிருந்து அம்மாவுக்கு ஒரு படம் வந்தது. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பச்சைச் சுடிதாரோடு ஓவியா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே, 'சென்னையில வேலை கெடச்சிருக்கு, தேடாதீங்கம்மா' என்று ஒரு வரி. அதன்பிறகு போன் அணைந்துவிட்டது.

முதலாளி, "ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவு, வேன் ஓடவே இல்ல" என்றார். போலீஸ், "சிரிச்சுக்கிட்டு நிக்கிறா பாரு, வயசுப் பொண்ணு, அவ இஷ்டம்" என்றது. வழக்கு அத்தோடு முடிந்தது.

"ஜிமிக்கியையும் காணோம்மா" என்று ராமுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "அவகிட்ட இருக்கறதே அந்த ஒரு ஜோடிதான். பவுடர் டப்பாவுலதான் கெடக்கும். வெளியூர் போனா அதைப் போடாமப் போகமாட்டா. டப்பா காலி. அதான் பஸ் ஏறிட்டாளோன்னு ஒரு மனசு சொல்லுது. இன்னொரு மனசு இந்த மண்ணைக் கிளறுது."

அவள் விரல் நகங்களெல்லாம் கறுத்திருந்தன. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பைரோஜா அக்கா கருவேல மர நிழலில் உட்கார்ந்து ஓவியாவின் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே பைத்தியம் போட்டோ. போனில் படம் எடுப்பாள். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் போட்டுத் திருத்துவாள். எல்லாம் வீடியோ பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது. கற்றதைக் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

"ஏலே பலவேசம், அந்த நோட்டைப் படி."

படித்தேன். "ஒரு படத்தை வெட்டி இன்னொண்ணுல ஒட்டினா, இருநூறு சதவீதம் பெருசாக்கிப் பாக்கணும். முடியோரம், காதோரம், விரல் இடுக்கு. இந்த மூணு இடத்துலதான் பொய் மாட்டும்." நோட்டை மூடினேன். "துப்பறியும் ஆபீசுக்கு இவளை வேலைக்கு எடுத்திருக்கலாம்க்கா. என் சம்பளத்தையாவது சேத்துக் குடுத்திருப்பீக."

"வாயை மூடிட்டுப் படத்தைப் பாரு."

ராமுத்தாயின் போனிலிருந்து படத்தை லேப்டாப்புக்கு மாற்றியிருந்தோம். பஸ் ஸ்டாண்டு கூரை விளிம்பில் இரண்டு புறாக்கள். இரண்டும் இடது இறக்கையை ஒரே மாதிரி தூக்கியிருந்தன. கழுத்தும் ஒரே கோணம்.

"அக்கா, புறாவுல இரட்டைப் பிள்ளை உண்டா?"

அக்கா லேப்டாப்பில் இருந்த பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஜனவரி மாதத்துப் படம் ஒன்று வந்தது. அதே பஸ் ஸ்டாண்டு, அதே வெயில், அதே பேருந்து. ஓவியா மட்டும் இல்லை. கூரையில் ஒரே ஒரு புறா. இரண்டாவது புறா இருந்த இடத்தில் பொங்கல் வாழ்த்து பேனர்.

"பேனரை மறைக்க புறாவைப் பிரதி எடுத்து ஒட்டியிருக்காக. அதுதான் குளோன்" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமை ஓவியா பஸ் ஸ்டாண்டுக்கே போகலை."

எனக்குப் புத்தி பளிச்சென்று வேலை செய்தது. எப்போதாவது நடக்கும். முடியோரம் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை. விரல் இடுக்கு பார்த்தேன், சுத்தம். நோட்டில் எழுதியபடியே வெட்டியிருந்தார்கள். இந்தப் பின்னணிப் படமும் ஓவியா எடுத்தது. அப்படியானால்?

"அக்கா! இது ஓவியாவே செஞ்சது! வெடிச்சதுக்கு அப்புறம் உக்காந்து செஞ்சிருக்கா! உசுரோட இருக்கா!"

கத்தித் தொலைத்துவிட்டேன். ராமுத்தாய் நாலு கால் பாய்ச்சலில் தவழ்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். "நெசமாவா தம்பி? நெசமாவா?" அவள் முகம் விரிந்ததைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் பல் கூசியது. "இந்த லேப்டாப்பைக் கடைசியாத் திறந்தது சனிக்கிழமை சாயந்தரம்லே. படம் வந்தது ஞாயித்துக்கிழமை. போன்ல இம்புட்டு நுணுக்கமா வெட்ட முடியாது. வேற கம்ப்யூட்டர்ல, வேற யாரோ செஞ்சிருக்காக."

ராமுத்தாயின் கை என் கையிலிருந்து நழுவியது. அவள் திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா காதோரத்தைப் பெரிதாக்கினாள். இருநூறு சதவீதம். முந்நூறு. காது மடலில் ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி.

"சின்னக் கல்லு வச்ச கம்மல்" என்றேன்.

"உத்துப் பாரு."

பார்த்தேன். கல் இல்லை. மடலுக்கு முன்னால் ஒரு நுனி, பின்னால் ஒரு நுனி. விளக்குமாற்றுக் குச்சி.

"ராமுத்தாயிக்கா" என்று கூப்பிட்டாள் பைரோஜா அக்கா. "உங்க மக காதுல எப்ப குச்சி சொருகுவா?"

"வேலைக்குப் போறப்ப மட்டுந்தாம்மா. மருந்து ரூமுக்குள்ள இரும்பு, பித்தளை, தங்கம் ஒண்ணும் ஆகாது. தலைக்கு ஊசி கூடக் கிடையாது. ஓட்டை தூந்துபோகக் கூடாதுன்னு பொம்பளையாளுக எல்லாம் குச்சிதான் சொருகிக்கிடுவோம். கேட்டைத் தாண்டினதும் மொத வேலையா அதைப் பிடுங்கி எறிவா. ரோட்டுல ஒருத்தர் பாத்துறக்கூடாது, அம்புட்டு வெக்கம் அவளுக்கு."

"அப்ப இந்த முகம் கம்பெனிக்குள்ள எடுத்த முகம். உள்ள யாரு போன் கொண்டு போவா?"

"ஒருத்தரும் முடியாதும்மா. கேட்டுல வாட்ச்மேன் வாங்கி வச்சிக்கிடுவான். முதலாளி வீட்டுக் காரை மட்டுந்தான் தடவ மாட்டான்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "முதலாளி மக பிரீத்திகா இருக்குல்ல. அந்தப் புள்ளை பெரிய கேமரா வச்சிருக்கும். மருந்து ரூமுக்கு வெளியே சாப்பாட்டு நேரத்துல எங்க எல்லாரையும் படம் பிடிக்கும். ஓவியாதான் தன்னோட படத்தையெல்லாம் குடுத்து அதுக்குக் கம்ப்யூட்டர்ல திருத்தச் சொல்லிக் குடுத்தா. ரெண்டும் கூட்டாளிகதான்."

அக்கா லேப்டாப்பை மூடி எழுந்தாள். கொஞ்ச தூரம் வந்ததும் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பிரீத்திகா செஞ்சதுன்னா, ஓவியா உசுரோட இருக்கணும்னு எந்த அவசியமும் இல்ல. புரியுதா? இனிமே கண்ணால பாக்காம அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஒரு தடவை ஆசை காட்டினது போதும்."

மணி ஒன்றே முக்கால். நாலு மணிக்கு ஜேசிபி.

சங்கரலிங்கத்துக்குத் திருத்தங்கலில் ஒரு அச்சகமும் உண்டு. பட்டாசு டப்பாவுக்கு லேபிள் அங்கேதான் அடிப்பார்கள். மகள் பிரீத்திகா டிசைன் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறாள் என்று வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம். கண்ணாடி அறைக்குள் சங்கரலிங்கம் கதவைத் திறந்து போட்டபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பார்த்தால் கோயில் தர்மகர்த்தா போல இருந்தார். அந்த நெற்றியைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

அறைக்கு வெளியே, அவர் காதில் விழுகிற தூரத்தில், ஒரு கம்ப்யூட்டர் முன்னால் பிரீத்திகா. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"வாங்க. என்ன ஆர்டர்?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "புஸ்வாண லேபிள்மா. ஒரு பொண்ணு படம் போட்டது. டிசைன் எல்லாம் நல்லா இருக்கு. ஒரே ஒரு திருத்தந்தான்."

"சொல்லுங்க."

"பொண்ணு காதுல விளக்குமாத்துக் குச்சி இருக்கு. அதை எடுத்துட்டு ஜிமிக்கி வைக்கணும். அந்தப் பொண்ணோட அம்மா கேக்காக."

மவுசைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. பிரீத்திகா திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தாள். எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"வாசகம் என்ன போடணும்னு பாருங்க, டைப் பண்றேன்" என்று சத்தமாகச் சொன்னாள்.

திரையில் ஏற்கெனவே ஒரு மயில் லேபிள் திறந்திருந்தது. அதன் மேல் கண்ணாடித்தாள் மாதிரி எழுத்துக்குப் புதிதாக ஒரு லேயரைப் போட்டுத் தட்டினாள். இதுவும் அதே இலவச ஜிம்ப்தான். கோடீஸ்வரன் வீட்டுப் பெண்ணுக்குக் கூலிக்காரி மகள் சொல்லிக்கொடுத்த ஜிம்ப்.

மயிலின் தோகை மேலே எழுத்து ஓடியது.

'உயிரோட இருக்கா.'

சத்தம் வராமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

'கொட்டகை அப்பாவோடது. வெடிச்சதுல அவளுக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு. சாத்தூர் ரோட்டுல தனியார் ஆஸ்பத்திரி, மாடி, கடைசி ரூம். ஊசி போட்டுத் தூங்க வைக்கிறாக. வீட்டு அடுப்புல பட்டதுன்னு சொல்லி என் பேர்ல சேத்திருக்காக. என் ஆதார். இன்னைக்கு ஆறு மணிக்கு வேன்ல பெங்களூர் கொண்டு போறாக.'

"எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கலாம்" என்றாள் அக்கா சத்தமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "படத்தை ஏன் செஞ்சே?" என்றாள்.

'செஞ்சாத்தான் வைத்தியம்னு அப்பா சொன்னார்.'

"குச்சியை எடுக்க ரெண்டு நிமிஷம் ஆகாதே. குச்சியைச் சுத்தி முடி அளவு பிசகாம வெட்டியிருக்கே. அதைப் பாக்காம விட்டிருக்க மாட்டே."

பிரீத்திகாவின் கண்ணிலிருந்து விழுந்தது விசைப்பலகை மேலேயே விழுந்தது. துடைக்காமல் தட்டினாள்.

'ஓவியா அம்மா பாப்பாகன்னு விட்டேன். அப்பா பெருசாக்கிப் பெருசாக்கிப் பத்து தடவை பாத்தார். சரியா இருக்குன்னார்.'

செருப்புச் சத்தம். சங்கரலிங்கம் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டார். திரை முழுக்க எழுத்து. நான் எழுந்து மறைக்கலாமா, மயங்கி விழலாமா என்று யோசிப்பதற்குள் பிரீத்திகா திரை ஓரத்தில் இருந்த கண் சின்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். அந்த லேயர் மறைந்தது. திரையில் மயில் மட்டும் தோகை விரித்து நின்றது.

"என்னம்மா, என்ன ஆர்டர்? குச்சி குச்சின்னு காதுல விழுந்துச்சு. மத்தாப்புக் குச்சியா?"

"ஆமா முதலாளி" என்றேன் நான். "நின்னு எரியுற குச்சி."

"நல்ல சரக்கு, நம்பி வாங்கலாம்" என்றார் அவர். இருபது வருஷமாகக் கம்பெனி நடத்துகிறார். தன்னிடம் வேலை செய்கிற பெண்களின் காதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் பார்த்ததில்லை. அவர் மாட்டியது அங்கேதான்.

தெருவுக்கு வந்ததும் அக்கா தனக்குத் தெரிந்த ஒரு இன்ஸ்பெக்டரைப் போனில் பிடித்தாள். அவர் என்ன சாட்சி என்று கேட்டிருக்க வேண்டும்.

"சாட்சியா? ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல பிரீத்திகா படுத்திருக்கா. திருத்தங்கல் அச்சகத்துல பிரீத்திகா உக்காந்து லேபிள் போடறா. ரெண்டும் ஒரே ஆதார். நேரா சாத்தூருக்கு வாங்க சார்."

"அந்தப் புறா மாதிரி" என்றேன்.

"ஏலே, பேசிட்டு நிக்காத. நான் கார் பிடிச்சுப் போறேன். நீ வண்டியை எடுத்துட்டு அங்கன போ. நான் கூப்பிடற வரைக்கும் ஜேசிபி ஒரு கூடை மண்ணு அள்ளக் கூடாது. அந்த அம்மாகிட்ட வாயைத் திறந்தே, கொன்னுருவேன். நான் போறதுக்குள்ள வேன் கிளம்பிருச்சுன்னா?"

அந்த 'னா' தான் வழி முழுக்க என் நெஞ்சை அறுத்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே கால். ராமுத்தாய் என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். அவள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாள்.

"சரி தம்பி" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அழக்கூட இல்லை. முந்தானையை விரித்துக் கரிந்த மண்ணை ஒவ்வொரு பிடியாக அள்ளி அதில் போட ஆரம்பித்தாள். நான் என் வாழ்நாளில் வாயை மூடிக்கொண்டு இருந்தது அந்த முக்கால் மணி நேரம்தான். கடவுளே, இன்னொரு தடவை அப்படி ஒரு தண்டனை வேண்டாம்.

நாலு மணிக்கு ஜேசிபி உறுமியது.

"அந்த அக்காவைத் தூக்குங்க, எனக்குப் பொல்லாப்பு வேண்டாம்" என்று டிரைவர் கத்தினான்.

நான் போய் ராமுத்தாய் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "என்னையும் சேத்து அள்ளு. எழுபத்தெட்டு கிலோ. உன் மிஷினு தாங்குமான்னு பாத்துக்க."

இரும்புக் கை தலைக்கு மேலே வந்து நின்றது. புழுதி கண்ணில் அடித்தது. டிரைவர் கெட்ட வார்த்தை சொன்னான், நானும் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அப்போதுதான் என் சட்டைப் பையில் போன் துடித்தது.

"ஸ்பீக்கர்ல போடுலே" என்றாள் பைரோஜா அக்கா. அவள் குரல் உடைந்திருந்தது. அவள் அழுது நான் கேட்டதே இல்லை.

போட்டேன். தூக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருகிற ஒரு குரல்.

"அம்மா..."

ராமுத்தாய் போனையே வெறித்தாள். கையை நீட்டவில்லை. "வேணாம்" என்றாள். "படம் காட்டி ஏமாத்தினது போதும். இப்ப கொரலுமா? வேணாம் தம்பி, அமத்திரு."

"அம்மா, ஜிமிக்கியை எடுத்துட்டு வாங்க."

ராமுத்தாய் இன்னொரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் போட்டாள்.

"பவுடர் டப்பாவுல இல்லம்மா. சனிக்கிழமை எலி உருட்டுச்சுன்னு அரிசி டப்பாக்குள்ள போட்டு வச்சேன். நீங்க உலை வைக்கறப்ப பாத்திருப்பீகளே?"

மூன்று நாளாக அந்த வீட்டில் யார் உலை வைத்தார்கள்?

"ரெண்டு கையும் கட்டுப் போட்டிருக்காகம்மா" என்றது குரல். "எனக்கு மாட்ட முடியாது. நீங்கதான் மாட்டிவிடணும்."

ராமுத்தாய் போட்ட சத்தத்தில் டிரைவர் மிஷினை அணைத்துவிட்டான். அவள் எழுந்தாள். மூன்று நாள் மடங்கிக் கிடந்த கால் நிற்கவில்லை, சாய்ந்தாள், நான் பிடித்துக்கொண்டேன். முந்தானையில் இருந்த மண் முழுக்க என் கால் மேல் கொட்டியது. போனில் இன்ஸ்பெக்டர் டிரைவரைக் கேட்டார். போனை அவன் கையில் திணித்தேன். அவன் "சரிங்க சார், சரிங்க சார்" என்று இந்தத் தடவை தரையைப் பார்த்துச் சொன்னான்.

போனை வாங்கிக்கொண்டு ராமுத்தாயை வண்டியின் பின்னால் ஏற்றி உட்கார வைத்தேன். சாத்தூர் பக்கம் திருப்பினேன். அவள் என் தோளைத் தட்டினாள்.

"மொதல்ல வீட்டுக்கு விடு தம்பி" என்றாள். "அரிசி டப்பாவைத் திறக்கணும்."